நாலிதழ்: ஒரு சட்டகத்தின் வரலாறு

பிரான்சின் வடக்கே அமியென் பேராலயத்தின் மேற்கு வாசலில், நிற்பவரின் கண்மட்டத்தில், சுவர் நெடுகச் சிறு புடைப்புச் சிற்பங்கள் இரண்டு வரிசையாக ஓடுகின்றன. ஒன்றில் ஒருவன் தலைதெறிக்க ஓடுகிறான். கையிலிருந்த வாள் நழுவி விழுகிறது. அவனை விரட்டுவது ஒரு முயல். புதரிலிருந்து பாய்ந்த முயலைக் கண்டு மிரண்டு ஓடும் இந்த ஆள்தான் கோழைத்தனம். அவனுக்கு நேர் மேலே, சிங்கம் பொறித்த கேடயத்தோடு அசையாமல் அமர்ந்திருக்கிறது வீரம். சற்றுத் தள்ளிப் போனால் மாதங்கள் வருகின்றன. பிப்ரவரியில் ஒருவர் அடுப்பின் முன் உட்கார்ந்து பாதங்களுக்குச் சூடேற்றிக்கொள்கிறார். ஜூனில் புல் அறுக்கிறார்கள். டிசம்பரில் பன்றி அடிக்கிறார்கள். 1220-இல் கட்டத் தொடங்கிய ஆலயம் இது. நூற்றுக்கும் மேற்பட்ட இந்தக் காட்சிகள் அத்தனையும் ஒரே மாதிரியான குழிவுக்குள் அடங்கியிருக்கின்றன. நான்கு பக்கமும் அரைவட்டமாகப் பிதுங்கிய குழிவு அது.

ஆங்கிலத்தில் இந்த வடிவத்துக்குக் குவாட்ரிஃபாயில் என்று பெயர். தமிழில் நாலிதழ் என்று சொல்லலாம். வாய்க்கால் ஓரத்தில் படரும் ஆரைக்கீரையின் இலையைப் பறித்து உள்ளங்கையில் விரித்து வைத்தால் ஏறத்தாழ இந்த உருவம் கிடைக்கும். கலை பற்றிய பொதுநூல்களில் இதற்குத் தரப்படும் பொருள்கள் ஏராளம்: நான்கு நற்செய்தியாளர்கள், நான்கு திசைகள், நான்கு பருவங்கள், சிலுவை, நல்லதிர்ஷ்டம். இந்தப் பட்டியல்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. அமியெனில் நாலிதழுக்குள் தீர்க்கதரிசிகளின் கதைகளும் இருக்கின்றன; முயலுக்குப் பயந்தவனும் இருக்கிறான்; பன்றி அடிப்பவனும் இருக்கிறான். ஒரே பொருளைச் சொல்லும் சின்னமாக அது இருந்திருந்தால் இத்தனை பேரை உள்ளே விட்டிருக்காது. மற்றவற்றுக்கு இடம் கொடுப்பதே இந்த வடிவத்தின் வேலை என்பது என் வாதம். தனக்கென்று ஒரு பொருள் கேட்கப்பட்ட இடத்தில் அது தேறவில்லை. சட்டகமாகவும் திறப்பாகவும் நின்ற இடங்களில் செழித்தது.

பெயர்களிலேயே இதற்கான தடயம் கிடைக்கிறது. ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 'நான்கு', 'இலை' என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை அது. இலைக்கான சொல்லின் வேர் ஃபோலியும் என்ற இலத்தீன். மூவிலைக்கு ட்ரெஃபாயில், ஐந்திலைக்கு சிங்க்ஃபாயில் என்று உடன்பிறப்புகளும் உண்டு. ஆனால் அந்த இரண்டும் செடிகளின் பெயராகப் பிறந்தவை. ட்ரிஃபோலியும் என்பது ரோமானியர் காலத்திலிருந்தே மூவிலைத் தீவனப்புல்லைக் குறிக்கிறது. தாவரவியலில் இன்றும் அதுவே அதன் பேரினப் பெயர். ஐந்திலையும் பழைய மூலிகை நூல்களில் இடம்பெற்ற செடிதான். நாலிலைக்கு ஐரோப்பிய மரபில் அப்படி ஊரறிந்த செடி வாய்க்கவில்லை. தீவனப்புல்லில் எப்போதாவது நான்காவது இலை முளைப்பது ஒரு விதிவிலக்கு. அதனால்தான் அதைத் தேடிக் கண்டெடுப்பவரை அதிர்ஷ்டசாலி என்கிறார்கள்.

இத்தாலியர்கள் இலைப் பேச்சையே விட்டுவிட்டு 'நான்கு மடல்' என்று பொருள்தரும் குவாட்ரிலோபோ என்ற சொல்லைப் புழங்குகிறார்கள். ஜெர்மானியர் ஃபீர்பாஸ் என்கிறார்கள். இதில் 'பாஸ்' என்பது கவராயத்தின் ஒரு வீச்சு. மடல்கள் வட்டமாக முடிந்தால் அவர்களுக்கு அது பாஸ். கூராக முடிந்தால்தான் பிளாட், அதாவது இலை. பட்டறையில் நின்று பெயர் வைத்தவர்களின் சொல் இது. பார்க்கிறவர் கண்ணுக்கு இலை தெரிகிறது, வரைகிறவர் கைக்குக் கவராயம் தெரிகிறது.

அந்தக் கவராயம் செய்யும் வேலை எளிமையானது. ஒரு சதுரம் வரைந்து, ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியிலும் முனையை ஊன்றி, பக்கத்தின் பாதியை ஆரமாக வைத்து வெளிப்புறமாக அரைவட்டம் இழுத்தால் நாலிதழ் வந்துவிடும். வட்டச் சாளரத்துக்குள் வேண்டுமென்றால், ஒன்றையொன்று தொடும் நான்கு சம வட்டங்களைப் பெரிய வட்டத்துக்குள் பொருத்த வேண்டும். அப்போது சிறு வட்டத்தின் ஆரம் பெரிய ஆரத்தில் 0.414 பங்கு. கல்தச்சருக்கு இந்தத் தசம எண் தேவையில்லை. பெரிய வட்டத்தின் ஆரத்தைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரைந்து, அதன் மூலைவிட்டத்திலிருந்து அதே ஆரத்தைக் கழித்தால் மீதி இருப்பதுதான் சிறு வட்டத்தின் ஆரம். அளவுகோல் இல்லாமல், கவராயமும் நேர்ச்சட்டமும் மட்டும் வைத்து, உள்ளங்கையளவு பேழையிலும் ஆளுயரச் சாளரத்திலும் இதே வடிவத்தை எடுக்கலாம். ஊர் ஊராகச் சென்று வேலை செய்த இடைக்காலக் கல்தச்சர்களுக்கு இது பெரிய வசதி. நாலிதழ் அவ்வளவு விரைவாகப் பரவியதற்கு எந்த இறையியல் விளக்கத்தையும்விட இந்த வசதியே முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தத் தச்சர்களுக்கு வெகுகாலம் முன்பே ஆட்கள் நாலிதழுக்குள் நடமாடியிருக்கிறார்கள். மிலான் நகரின் சான் லொரென்சோ ஆலயம் நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்தது. நடுவில் சதுரக் கூடம், நான்கு பக்கமும் அரைவட்ட விரிவு என்பது அதன் தரைப்படம். ஆர்மீனியாவில் 643-க்கும் 652-க்கும் இடையில் கட்டப்பட்ட ஸ்வார்ட்நோட்ஸ் பேராலயத்திலும் உட்பகுதி இதே அமைப்புதான். அதைச் சுற்றி வட்டமான வெளிச்சுவர். பத்தாம் நூற்றாண்டில் அது இடிந்து விழுந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தோண்டியெடுத்தபோது அடித்தளத்தில் நான்கு மடல்களும் தெளிவாகத் தெரிந்தன. இந்தத் தரைப்படத்துக்குப் பொறியியல் காரணம் உண்டு. நடுவில் நிற்கும் குவிமாடம் தன் எடையால் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். நான்கு பக்கத்து அரைக்குவிமாடங்களும் முட்டுக்கொடுத்து அந்தத் தள்ளுதலைத் தாங்குகின்றன. உள்ளே நின்று வழிபட்டவர்கள் தாங்கள் ஒரு நாலிதழுக்குள் நிற்பதாக எண்ணியிருப்பார்களா என்பது சந்தேகமே. அந்த உருவம் தரைப்படம் வரைபவருக்குத்தான் முழுதாகத் தெரியும்.

மடல் வளைவுகளின் பாதை வேறு. ஈராக்கின் சமர்ராவில் ஒன்பதாம் நூற்றாண்டு நடுவில் எழுந்த பெரிய மசூதியின் சாளரங்களில் மடல்களாகப் பிரிந்த வளைவுகள் இருக்கின்றன. ஸ்பெயினின் கோர்டோபா மசூதியில் கலீஃபா இரண்டாம் அல்-ஹகம் 960-களில் செய்த விரிவாக்கத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு எழுகின்றன. 1088-இல் கட்டத் தொடங்கிய பிரான்சின் க்ளூனி மடத்து மூன்றாம் ஆலயத்திலும் மடல் வளைவுகள் இருந்தன; இஸ்லாமிய ஸ்பெயினின் சாயலை அறிஞர்கள் அதில் காண்கிறார்கள். ஆனால் திறந்த வளைவின் விளிம்பை மடல்களாக்குவது ஒன்று, நான்கு மடல்களையும் மூடி முழு உருவமாக்குவது வேறு. இரண்டாவதைத் தன் கையெழுத்தாக ஆக்கிக்கொண்டது பதின்மூன்றாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கட்டடக்கலை.

அங்கே நாலிதழ் முதலில் ஒரு துளை. 1194-இல் தீப்பிடித்து எரிந்தபின் புதிதாக எழுந்த ஷார்த்ர் பேராலயத்தின் மேல்நிலைச் சாளரங்களைப் பார்த்தால் இது விளங்கும். தட்டையான கற்சுவரில், அச்சு வைத்து வெட்டியதுபோல, துளைகள் போட்டிருக்கிறார்கள். நடுவில் பெரிய துளை, அதைச் சுற்றிச் சிறு நாலிதழ்த் துளைகள். சுவர் இன்னும் சுவராகவே இருக்கிறது, வெளிச்சம் வர ஓட்டைகள் உண்டு என்ற நிலை. ரைம்ஸ் பேராலயத்தில் 1211-க்குப் பிறகு இந்த முறை மாறியது. சுவரைத் துளைப்பதை விட்டுவிட்டு, மெல்லிய கற்சட்டங்களைச் செதுக்கி ஒன்றோடொன்று இணைத்தார்கள். கல் கோடாக மெலிந்தது. சாளரம் முழுவதும் கண்ணாடிக்கு விடப்பட்டது. அதன்பின் வந்த கோதிக் சாளரங்களில் நாலிதழ் இரண்டு கூர்வளைவுகளுக்கு மேலே, அவற்றுக்கு இடையில் எஞ்சும் வெற்றிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கூர்வளைவுகள் சேரும் இடத்தில் மேலே ஒரு முக்கோணச் சந்து எப்போதும் மிஞ்சும். அதை நிரப்ப ஒரு வட்டம் வேண்டும். வெறும் வட்டமாக விட்டால் அது சட்டங்களின் ஓட்டத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும். வட்டத்துக்குள் மடல்களை இறக்கினால் கீழே உள்ள வளைவுகளின் வளைவையே மேலேயும் தொடரலாம். இலைதான் வேண்டுமென்று யாரும் கேட்டிருக்கத் தேவையில்லை. கணக்கு தானாகவே அங்கே கொண்டுவந்து விட்டிருக்கும்.

ஷார்த்ரின் வடபுறத்து ரோஜாச் சாளரம் 1230-களைச் சேர்ந்தது. அதன் நடுவில் மரியாளும் குழந்தையும். அவர்களைச் சூழ்ந்த வளையங்களில் ஒன்றில் பன்னிரண்டு நாலிதழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நீலப் பின்னணியில் தங்க லில்லிகள். அது பிரெஞ்சு அரச குலத்தின் சின்னம். சாளரத்தின் கீழ்ப்பகுதியில் காஸ்டீல் அரசின் தங்கக் கோட்டைகளும் வருகின்றன. பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் தாய் பிளான்ஷ் காஸ்டீல் இளவரசி. சாளரத்துக்குக் கொடையளித்தவர் அவர்தான். ஆக, குலச்சின்னமும் கட்டடமும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது நாலிதழ் யாருடைய சின்னமாகவும் இல்லை. இன்னொருவரின் சின்னத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பாரிஸில் 1248-இல் அருட்பொழிவு பெற்ற செயின்ட் ஷாப்பெலின் மேல்தளச் சுவரிலும் இதையே காணலாம். அங்கே சுவர் வளைவுகளுக்கு நடுவில் தீட்டிய நாலிதழ்களுக்குள் இருப்பவை மறைசாட்சிகளின் மரணக் காட்சிகள். வாளும் நெருப்பும் சூழ்ந்த கொடுமைகள் ஒரு மென்மையான உருவத்துக்குள் அடங்கியிருப்பது இன்றைய கண்ணுக்கு முரணாகத் தெரிகிறது. சட்டகத்துக்கென்று தனி உணர்ச்சி இல்லாததால்தான் அது சாத்தியமாயிற்று.

குலச்சின்னவியலில் கதை மாறுகிறது. அங்கே சட்டகம் கேடயம்தான். கேடயத்துக்குள் வருவது எதுவானாலும் ஒரு குடும்பத்தின் அடையாளமாக நிற்க வேண்டும். அந்த வேலைக்கு ஐந்திலை பொருத்தமாக இருந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரச் சின்னத்தில் ஐந்திலை இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் குடும்பம் சிவப்புக் கேடயத்தில் மூன்று ஐந்திலைகளைத் தாங்கியது. ஃப்ரேசர் குடும்பத்தின் ஐந்திதழ்ப் பூ ஸ்ட்ராபெரிப் பூ. அந்தப் பழத்துக்கான பிரெஞ்சுச் சொல் ஃப்ரேஸ் என்பதால் பெயரும் சின்னமும் ஒன்றையொன்று சொல்லிக்கொண்டன. மூவிலையைக் கேடயத்தில் வரையும்போது காம்போடு வரைவதே வழக்கம். அதாவது அது செடியிலிருந்து பறித்த இலை. நாலிதழுக்கு வழக்கமாகக் காம்பு கிடையாது. பறிப்பதற்குச் செடி இருந்தால்தானே காம்பு இருக்கும்? அதைத் தாங்கிய குடும்பங்கள் இல்லாமல் இல்லை. நீலக் கேடயத்தில் மூன்று வெள்ளி நாலிதழ்களை வைத்த இங்கிலாந்தின் வின்சென்ட் குடும்பம் ஓர் உதாரணம். ஆனாலும் ரோஜாவோ லில்லியோ அடைந்த இடத்தை நாலிதழ் அடையவே இல்லை.

அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஆங்கிலேயரின் புதல்வர் வரிசைக் குறிகளே சாட்சி. தந்தையின் சின்னத்தை மகன்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. யார் எத்தனையாவது மகன் என்று காட்ட ஒரு சிறு குறி சேர்க்க வேண்டும். 1500-ஐ ஒட்டிய காலத்தில் கார்ட்டர் என்ற தலைமைச் சின்ன அதிகாரியாக இருந்த ஜான் ரைத் வகுத்ததாகச் சொல்லப்படும் முறை இது. மூத்தவனுக்குத் தொங்கல்கள் உள்ள பட்டை, இரண்டாமவனுக்குப் பிறை, மூன்றாமவனுக்கு விண்மீன், நான்காமவனுக்குக் காலில்லாப் பறவை, ஐந்தாமவனுக்கு வளையம், ஆறாமவனுக்கு லில்லி, ஏழாமவனுக்கு ரோஜா, எட்டாமவனுக்கு நுனி பிளந்த சிலுவை. ஒன்பதாமவனுக்கு இரட்டை நாலிதழ், அதாவது எட்டு மடல் உருவம். பொருள் நிறைந்த சின்னங்களெல்லாம் தீர்ந்துபோன பிறகு, வடிவக் கணிதத்திலிருந்து ஒன்றை உருவி வரிசையின் கடைசியில் வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது மகனுக்கு அதைப் பயன்படுத்தும் தேவை எத்தனை வீடுகளில் வந்திருக்கும்?

படைச் சீருடையில் மட்டும் அது நிலையான அடையாளமாக வாழ்கிறது. அமெரிக்க மரைன் படை அதிகாரிகளின் தொப்பி உச்சியில் கயிற்றுப் பின்னலாக ஒரு நாலிதழ் இருக்கும். பாய்க்கப்பல் காலத்தில் பாய்மர உச்சியிலிருந்து சுட்ட தங்கள் வீரர்கள், கீழே தளத்தில் நடக்கும் சண்டையில் தங்கள் அதிகாரிகளை அடையாளம் கண்டுகொள்ள வைத்தது அது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை அழகானது. ஆனால் சீருடை விதிகளில் அது இடம்பெற்றது 1859-இல். பிரெஞ்சுப் படை அதிகாரிகளின் தொப்பிகளில் அதற்கு முன்பே இதுபோன்ற பின்னல்கள் வழக்கில் இருந்தன. அன்றைய ராணுவ உலகின் நாகரிகத்துக்குத் திசைகாட்டியது பிரான்ஸ்தான். விளக்கம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள சையன் மேலங்கியையும் இங்கே சொல்ல வேண்டும். 1300-க்கும் 1320-க்கும் இடைப்பட்ட ஆங்கிலப் பூவேலை அது. குருக்கள் அணியும் அரைவட்ட மேலங்கியின் பரப்பு முழுவதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட நாலிதழ்கள். அவற்றுக்குள் கிறிஸ்துவின் வாழ்க்கையும் திருத்தூதர்களும் பட்டு, வெள்ளி, தங்க இழைகளில் தீட்டப்பட்டிருக்கிறார்கள். பின்னாளில் சேர்த்துத் தைத்த ஓரப்பட்டைகளில் பல குடும்பங்களின் குலச்சின்னங்கள் வருகின்றன. அந்தச் சின்னங்கள் சாய்சதுரத்திலும் வட்டத்திலும் அமர்ந்திருக்கின்றன. உடலுக்குள் புனிதர்கள், ஓரத்தில் குடும்பங்கள். இங்கிலாந்தில் மடங்கள் கலைக்கப்பட்ட பின், மேலங்கியை வைத்திருந்த சையன் மடத்துக் கன்னியர்கள் அதைச் சுமந்துகொண்டு பல நாடுகள் அலைந்து லிஸ்பனில் தங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அது இங்கிலாந்து திரும்பியது.

நாலிதழின் கதையில் உச்சமும் வீழ்ச்சியும் ஒரே கட்டடத்தின் கதவுகளில் பதிவாகியிருக்கின்றன. ஃப்ளாரன்ஸ் நகரின் திருமுழுக்கு மண்டபத்துக்குத் துணிவணிகர் சங்கமான கலிமாலா ஒரு வெண்கலக் கதவு செய்யச் சொன்னது. ஆந்த்ரேயா பிசானோ தன் பெயரையும் 1330 என்ற ஆண்டையும் அதில் பொறித்தார். கதவு 1336-இல் நிறுவப்பட்டது. மொத்தம் 28 பலகங்கள். இருபதில் திருமுழுக்கு யோவானின் கதை, கீழ் எட்டில் நற்பண்புகள். எல்லாமே மூலைகளில் கூர்முனை நீட்டிய நாலிதழ்கள். பிசானோ இந்தச் சட்டகத்தின் இயல்பை நன்றாக அறிந்தவர். பெரும்பாலும் ஒரு சிறு மேடை அமைத்து அதன்மேல் இரண்டு மூன்று உருவங்களை மட்டும் நிறுத்துகிறார். பக்கத்து மடல்களைப் பல இடங்களில் வெறுமையாகவே விட்டுவிடுகிறார். நம்பிக்கை என்ற பண்பு சிறகு முளைத்த பெண்ணாக அமர்ந்து, எதிரே தெரியும் கிரீடத்துக்கு இரண்டு கைகளையும் நீட்டுகிறாள். அவள் எட்டிப் பிடிக்கும் வெளி, அந்த மடலின் வெளி.

1401-இல் இரண்டாவது கதவுக்குச் சங்கம் போட்டி அறிவித்தது. ஏழு பேர் கலந்துகொண்டார்கள். கொடுத்த பொருள், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட முனைவது. ஆபிரகாம், ஈசாக்கு, தடுக்க வரும் தேவதூதன், இரண்டு வேலைக்காரர்கள், கழுதை, ஆட்டுக்கடா என்று எல்லாரும் வர வேண்டும். பிசானோவின் கதவுக்கு இணையாக நிற்க வேண்டுமென்பதால் சட்டகம் நாலிதழ். உயரம் சுமார் 45 செ.மீ. ஒரு வருடம் அவகாசம், 34 நடுவர்கள் என்று போட்டியாளர்களில் ஒருவரான லொரென்சோ கிபெர்ட்டி பின்னாளில் தன் குறிப்புகளில் எழுதினார். அவருடைய பலகமும் ஃபிலிப்போ புருனெலெஸ்கியுடையதும் மட்டும் தப்பிப் பிழைத்து, இன்று பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒரே சட்டகம் இரண்டு மனங்களிடம் எப்படி நடந்துகொண்டது என்று தெரியும். புருனெலெஸ்கி பலிபீடத்தை நடுவில் நிறுத்துகிறார். தேவதூதன் பறந்து வந்து ஆபிரகாமின் கையை இறுகப் பிடிக்கிறான்; ஒரு கணம் தாமதித்தால் கத்தி இறங்கியிருக்கும். கீழே வேலைக்காரர்கள் இருவரும் சட்டக விளிம்பைத் தாண்டி வழிகிறார்கள். ஒருவன் காலில் தைத்த முள்ளைப் பிடுங்குகிறான். காட்சிக்கு வேகம் அதிகம். ஆனால் நாலிதழோடு அது சண்டை போடுகிறது. கிபெர்ட்டி மேலிருந்து கீழாகச் சாய்ந்து இறங்கும் பாறையால் பலகத்தைப் பிரிக்கிறார். இடப்பக்கம் வேலைக்காரர்களும் கழுதையும், அவர்களுக்கு மேலே பாறையில் கடா. வலப்பக்கம் தந்தையும் மகனும். தேவதூதன் மேல்மூலையின் ஆழத்திலிருந்து வெளியே பறந்து வருகிறான். மடல்கள் அவருக்குத் தடையாகவே இல்லை. புருனெலெஸ்கி பல துண்டுகளைத் தனித்தனியே வார்த்துப் பலகையில் பொருத்தினார். கிபெர்ட்டி பெரும்பகுதியை ஒரே வார்ப்பாக வார்த்தார். வெண்கலமும் குறைவாகச் செலவானது. வேலை கிபெர்ட்டிக்குப் போனது. 1403 முதல் 1424 வரை உழைத்து, 28 நாலிதழ்கள் கொண்ட புதிய ஏற்பாட்டுக் கதவைச் செய்து முடித்தார்.

மூன்றாவது கதவுக்கும் அதே அமைப்புதான் திட்டம். அறிஞர் லியோனார்தோ புரூனி 1424-இல் வகுத்துக் கொடுத்த வரைவில் 28 பலகங்கள் இருந்தன. கிபெர்ட்டி அதை ஒதுக்கிவிட்டார். 1425-இல் தொடங்கி 1452-இல் முடிந்த கதவில் பத்தே பலகங்கள். ஒவ்வொன்றும் சுமார் 80 செ.மீ. சதுரம். நாலிதழ் ஒன்றுகூட இல்லை. இடையில் நடந்தது என்ன? போட்டியில் தோற்ற புருனெலெஸ்கி கட்டடக்கலைக்குப் போனார். போன இடத்தில் தூரக்காட்சியின் கணக்கைக் கண்டுபிடித்துச் செய்துகாட்டினார். 1435-இல் அறிஞர் ஆல்பெர்ட்டி அதை ஓவியம் பற்றிய தன் நூலில் விதியாக்கினார்: ஓவியர் முதலில் ஒரு செவ்வகம் வரைய வேண்டும், அதைத் திறந்த சன்னலாக எண்ண வேண்டும். தூரக்காட்சிக்குத் தரைக்கோடும் அடிவானமும் தேவை. தரையும் தூணும் நேர்கோட்டில் ஓடித் தொலைவில் ஒரு புள்ளியில் சேர வேண்டும். நாலிதழுக்குள் அந்தக் கோடுகள் மடல்களில் முட்டித் துண்டாகின்றன. சட்டகத்தைப் போட்டியில் வெல்ல முடியாத புருனெலெஸ்கி, அந்தச் சட்டகத்துக்கே வேலையில்லாமல் செய்துவிட்டார் என்று நான் இந்த ஐம்பது ஆண்டு வரலாற்றைப் படிக்கிறேன். மூலக் கதவுகள் இப்போது அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 28 நாலிதழ்கள் உள்ள கதவிலிருந்து பத்துச் சதுரங்கள் உள்ள கதவுக்குப் பார்வையைத் திருப்புவது ஒரு யுகத்தைக் கடப்பதாகும்.

வெனிசில் நாலிதழ் எடை சுமந்தது. வடக்கத்திக் கோதிக் கட்டடங்களில் சாளரத்துக் கற்பின்னல் கண்ணாடியைப் பிடித்து நிற்பதோடு சரி. 1340-இல் தொடங்கிய வெனிஸ் கோமான் மாளிகையின் இரண்டாம் நிலைத் தாழ்வாரத்தில் ஒவ்வொரு தூணுக்கு மேலும் வட்டத்துக்குள் ஒரு நாலிதழ் துளையிடப்பட்டிருக்கிறது. அதன்மேல் மாளிகையின் கனத்த சுவர் முழுவதும் ஏறி நிற்கிறது. கீழே காயல் சேற்றில் அடித்த மரக்கழிகள்தான் அடித்தளம். அடித்தளம் எல்லா இடத்திலும் ஒரே சீராக அமிழாது. கெட்டியான சுவராக இருந்தால் விரிசல் விடும்; துண்டு துண்டாகக் கோத்த கற்பின்னல் ஓரளவு அசைந்துகொடுக்கும். கா' தோரோ, கா' ஃபோஸ்காரி போன்ற வணிகர் மாளிகைகள் பதினைந்தாம் நூற்றாண்டில் இதைத் தங்கள் முகப்புகளுக்கு எடுத்துக்கொண்டன. அரசின் கட்டடத்தில் இருந்தது தன் வீட்டிலும் இருக்க வேண்டும் என்ற ஆசைக்கு வெனிசில் எதிர்ப்பும் இல்லை.

பிற்காலத்தை விரைவாகவே கடக்கலாம். 1749-க்குப் பின் ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் நாலிதழ்ச் சாளரங்களை அமைத்தபோது கோதிக் மறுமலர்ச்சிக்கு வழி திறந்தது. ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1880-களில் அமியென் பற்றிய நூலில் வாசலின் நாலிதழ்களை வரிசை எண் கொடுத்து ஒவ்வொன்றாக விளக்கினார். அந்த நூலை மார்செல் ப்ரூஸ்த் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1904-இல் வெளியிட்டார். இந்த வடிவத்தின் உள்ளே இருப்பதைப் பார்க்கச் சொன்ன கடைசிப் பெரும் வாசிப்பு அது. 1896-இல் ஜார்ஜ் வுய்த்தோன் போலிகளைத் தடுக்க வடிவமைத்த லூயி வுய்த்தோன் பெட்டித்துணியில் நான்கிதழ்ப் பூக்கள் வருகின்றன. 1968-இல் வான் க்ளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் நிறுவனத்தின் அல்ஹாம்ப்ரா கழுத்தணியில் நான்கு மடல்களும் தங்கத்தால் அடைபட்டன. திறப்பு மூடப்பட்டு முத்திரையாயிற்று.

ஐரோப்பாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு நிலத்தில் இதே வடிவம் இரண்டாயிரம் ஆண்டுகள் முந்தி முழு வலிமையோடு இருந்தது. மெக்சிகோவின் மொரேலோஸ் மாநிலத்தில் சால்காட்சிங்கோ என்ற ஊர். செங்குத்தான மலைகளின் அடிவாரம். கி.மு. முதல் ஆயிரமாண்டின் முற்பாதியில் அங்கே மலைப்பாறையில் ஒரு காட்சியைச் செதுக்கினார்கள். பக்கவாட்டில் பாதியாக வெட்டிய நாலிதழ்தான் குகை. அதற்குள் ஒருவர் அமர்ந்திருக்கிறார். குகை வாயிலிருந்து சுருள் சுருளாகக் காற்றோ மேகமோ வெளிப்படுகிறது. மேலே மேகங்களிலிருந்து மழைத்துளிகள் விழுகின்றன. குகையின் வெளிமூலைகளில் செடிகள் முளைத்திருக்கின்றன. குகைக்கு ஒரு கண்ணும் உண்டு. அது மலையின் வாய்.

இதே ஊரின் ஒன்பதாம் எண் சிற்பத்தில் அந்த முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. திறந்த வாய் முழு நாலிதழ். கல்லின் ஊடாக உண்மையாகவே துளைத்திருக்கிறார்கள். வாயின் கீழ் விளிம்பு தேய்ந்திருப்பதை அங்கே அகழாய்வு செய்த டேவிட் குரோவ் கவனித்தார்; ஆட்களோ பொருள்களோ அதன் வழியே போய்வந்திருக்கலாம் என்றார். குவாத்தமாலாவின் லா பிளாங்காவில் மண்ணால் வனைந்த நாலிதழ்த் தொட்டி ஒன்றை மைக்கேல் லவ், ஜூலியா கெர்ன்சி இருவரும் 2007-இல் பதிப்பித்தார்கள். அதன் விளிம்பில் நீர் ஓடத்தக்க கால்வாய் இருக்கிறது. 2001-இல் வில்லியம் சத்துர்னோ கண்டுபிடித்த சான் பார்த்தோலோ சுவரோவியங்கள் கி.மு. 100-ஐ ஒட்டியவை. அங்கே நிலமாக இருக்கும் ஆமையின் உடலில் நாலிதழ்க் குகை. அதற்குள் மக்காச்சோளக் கடவுள் நீர்க் கடவுளுக்கும் மழைக் கடவுளுக்கும் நடுவே ஆடுகிறார். ஹோண்டுராஸின் கோப்பான் நகரத்துப் பந்தாட்டக் களத்தில் தரையில் பதித்த வட்டக் கல்லிலும் ஆட்டக்காரர்கள் நாலிதழுக்குள்தான் நிற்கிறார்கள். அந்த ஆட்டம் கீழுலகத்தில் நடக்கிறது என்பது அதன் குறிப்பு.

வடிவ ஒற்றுமையை வைத்து இரண்டு கண்டங்களுக்கும் பாலம் கட்டப் பார்ப்பது வீண் வேலை. மெசோஅமெரிக்காவில், அதாவது மெக்சிகோ, குவாத்தமாலா உள்ளிட்ட அந்தப் பண்டைய நிலப்பரப்பில், நாலிதழுக்கு உறுதியான பொருள் இருந்தது: குகை, நீர், கீழுலகின் வாசல். ஐரோப்பாவில் அப்படி ஒரு பொருள் நிலைக்கவில்லை. என் வாதத்துக்கு இது எதிர்ச்சான்று போலத் தோன்றலாம். ஆனால் அங்கே அந்தப் பொருள் எதைச் சுட்டியது என்று பார்க்க வேண்டும்; அது ஒரு திறப்பையே சுட்டியது. ஐரோப்பியத் தச்சர் செய்துவந்த ஒன்றை மெசோஅமெரிக்கர் சொல்லவும் செய்தார்கள்.

ஒன்பதாம் எண் சிற்பம் 1960-களில் திருட்டுத்தனமாக எடுக்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டது. 2023-இல் டென்வர் நகரில் மெக்சிகோ அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டு நாடு திரும்பியது. பாறைச் சிற்பம் மலையிலேயே இருப்பதால் அது எந்தத் திசை நோக்கியது, மழைநீர் எந்த வழியே அதன் அருகில் இறங்கும் என்பதை இன்றும் நேரில் ஆராய முடிகிறது. திரும்பி வந்த கல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அகழாய்வில் எடுக்காத கல் அது. அந்த வாய் எந்த மேட்டின்மேல், எதை நோக்கித் திறந்திருந்தது என்பதை லா பிளாங்கா தொட்டியையும் மலைச் சிற்பத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.